முற்றத்துச் சரிவு

"சரிவைக் கிழக்காலை எடும் தம்பி. மழைத்தண்ணி அந்தத் தகர வேலிக்குக் கீழாலை போகட்டும்."

தியாகராசா இதைச் சொன்னபோது சண்டிலிப்பாய் வீட்டு முற்றத்தில் நின்றவர்கள் நால்வர்: தியாகராசா, அவர் மனைவி பத்மாசினி, தை மாதத்தில் கலியாணம் நிச்சயமாகியிருந்த மகள் கஜானி, வட்டுக்கோட்டையிலிருந்து கல் பதிக்க வந்திருந்த அருட்செல்வன். அந்த வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பது நால்வருக்கும் தெரியும்.

அருட்செல்வன் மட்டம் பார்க்கும் குழாயைக் கீழே வைத்தான்.

"ஐயா, றோட்டுப் பக்கந்தான் பள்ளம். தண்ணி தானாய் அங்கைதான் ஓடும். கிழக்காலை விடுறதெண்டால் இந்தப் பக்கம் அரையடிக்கு மண் போட்டு உயர்த்தவேணும்."

"உயர்த்தும்."

"அது அடுத்த வீட்டு முத்தத்துக்கை எல்லோ போகும்?"

"நான் முப்பது வருசம் நீர்ப்பாசன இலாகாவிலை வேலை பாத்தவன். தண்ணி எங்கை போகுமெண்டு நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்."

அடுத்த வீடு பத்மாசினியின் அக்கா செல்வநாயகியுடையது. ஒரே வளவைத் தகப்பன் இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதியிருந்தார். அக்காவும் தங்கையும் பங்குக் கிணற்றடியில் தினமும் கதைப்பார்கள். கணவன்மார்தான் கதைப்பதில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வேலி அடைக்கும்போது ஒரு முழ நிலத்துக்காகச் சகலன்மார் இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. அன்று தொடக்கம் இந்த வீட்டு வாசல் படலையை அக்காவின் கணவர் நாகலிங்கம் திறக்கவில்லை. அந்தப் படலையைத் தியாகராசா திறக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாசந்தான் கிடக்கு. ஒருக்காப் போய் அத்தானுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோவன். பெரியப்பா இல்லாமல் பெட்டையின்ரை பந்தலுக்குக் கன்னிக்கால் ஊண்டினால் சனம் என்ன கதைக்கும்?"

"நான் போய் அவரின்ரை படலையிலை நிண்டால் சனம் என்ன கதைக்கும்? தியாகராசா இறங்கிப் போனான் எண்டு கதைக்கும்."

"போகாட்டிலும் பறவாயில்லை. உள்ளதையும் கெடுக்கிறியளே."

சிவப்புக் கல் முன்வரிசையிலா, சாம்பல் கல் முன்வரிசையிலா என்று அருட்செல்வனிடம் கேட்கத் தியாகராசா போய்விட்டார்.

கஜானி கைப்பேசியில் பார்த்துத் தெரிவு செய்த செயற்கைப் புல், பாய் போலச் சுருண்டு மாமரத்தடியில் கிடந்தது. பத்மாசினியின் கோபம் அதன்மேல் பாய்ந்தது.

"உந்தப் பிளாஸ்ரிக் புல்லுக்கு மேலையோ பொங்கலுக்கு அடுப்பு மூட்டுறது?"

"அது படம் எடுக்க அம்மா. பொங்க இல்லை."

"தேப்பனும் மோளும் நல்ல சோடி."

ஐந்து நாளில் வேலை முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்மாசினிக்கு அந்த அழகு கண்ணில் படவில்லை. கிணற்றடியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மழை வந்தால் என்ன செய்யிறது?"

"உங்கடை அத்தான் வேலிக்கு மேலாலை எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஒரு சொட்டு வரட்டும், நேரை போய் நாலு கேள்வி கேக்கிறன் எண்டவர்."

"கேட்டால் அடிபாடுதான். பிறகு கலியாணத்துக்கு அவர் எங்கை வரப்போறார்?"

செல்வநாயகி வாளியை இறக்கினாள். "இரண்டும் ஒண்டுக்கொண்டு குறைஞ்சதில்லை," என்றாள்.

கார்த்திகை மாதத்து முதல் பெருமழை ஒரு வெள்ளிக்கிழமை விடியப் பிடித்தது. ஒன்பது மணிக்கு முற்றத்து வெள்ளம் முழுவதும் கிழக்கே திரும்பி, தகரத்துக்குக் கீழால் அடுத்த வளவுக்குள் இறங்கியது. கணவர் ஏன் அன்று காலையிலேயே அருட்செல்வனைக் கூப்பிட்டு விறாந்தையில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பத்மாசினிக்கு விளங்கவில்லை. வரப்போகும் சண்டைக்குச் சாட்சி வைக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

பத்து மணிக்குப் படலை தடாரென்று திறந்தது.

நாகலிங்கம் குடையில்லாமல் வந்தார். சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"எங்கை அந்த மனிசன்? என்ரை மற்றச் செருப்பு மிதந்து கிணத்தடிக்குப் போட்டுது. தியாகராசா, இது என்ன ஐசே வேலை? வாரும் வெளியிலை."

"அத்தான், கொஞ்சம் பொறுங்கோ," என்று பத்மாசினி குறுக்கே ஓடினாள்.

அவளுக்குப் பின்னால் அறைக்கதவு திறந்தது. தியாகராசா பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றுடன் வந்தார். கையில் வெற்றிலைத் தட்டம்; அதன்மேல் கலியாண அழைப்பிதழ்.

"வாருங்கோ அண்ணை," என்றார். "விடியத் தொடக்கம் பாத்துக்கொண்டிருக்கிறன். கஜானியின்ரை கலியாணத்தை நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

நாகலிங்கம் தட்டத்தைப் பார்த்தார். திரும்பி முற்றத்தின் சரிவைப் பார்த்தார். பிறகு ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறினார்.

"உமக்கு விசர்தான் பிடிச்சிருக்கு," என்றார், தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டே.

தியாகராசா அருட்செல்வன் பக்கம் திரும்பினார். "தம்பி, பின்வளவிலை குழாய் வாங்கிப் போட்டிருக்கு. மழை விட்ட உடனை வேலிக்கரைக் கல்லைக் கிளப்பி, தண்ணியை றோட்டுக்குத் திருப்பிவிடும்."

அருட்செல்வன் மட்டம் பிழையாகப் பிடித்ததால்தான் அன்று வெள்ளம் அடுத்த வளவுக்குள் போனது என்று சண்டிலிப்பாயில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். மட்டம் சரி. வெள்ளம் போகச் சொன்ன வீட்டுக்குப் போய், கூட்டிவரச் சொன்ன ஆளைக் கூட்டிவந்தது.