ஏழு துவக்கும் ஒரு தேநீரும்

கிருஷ்ணராசாவின் பேரிக்காய்களை அணில்கள் ஒன்றுவிடாமல் கடித்துப் போட்டன. அவற்றைச் சுடக் காற்றுத் துவக்கு வாங்குவதற்காக, தோர்ண்டன் ஹீத்தில் இருந்த சின்னத் துவக்குக் கடைக்குப் போனார். கடைக்கார வெள்ளைக்காரர் ஏழு துவக்குகளை இறக்கிக் காட்டினார். தோளில் அணைத்துப் பிடிக்கப் பழக்கினார். பால் விட்டுத் தேநீரும் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிருஷ்ணராசா வெளியே வந்தார்.

காருக்குள் ஏறியதும் போனை எடுத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மனைவி சிவரூபினி.

"அதே துவக்கு பெரிய கடையில மலிவு. ஓடர் போடுறன்."

"பாவம், அந்த மனுசன் எவ்வளவு மினக்கெட்டது."

"அது அவற்ற வேலை."

மூன்றாம் நாள் பெரிய கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. துவக்கை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் விடாதாம். பக்கத்திலுள்ள பதிவுபெற்ற துவக்குக் கடையில் நேரில் பெற்றுக்கொள்ள வேண்டுமாம். பக்கத்தில் இருந்ததோ ஒரே கடைதான்.

வெள்ளைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பெட்டியை எடுத்து வைத்தார். படிவத்தில் கிருஷ்ணராசா எழுதிய தொழில் விலாசத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அந்த மூலை மளிகைக் கடை உங்களுடையதா? அங்கே எப்போதும் ஒரு பையனைத்தான் பார்த்திருக்கிறேன். 'பெரிய கடைகளுக்குப் போகாதீர்கள், உள்ளூர்க் கடைகளை வாழவையுங்கள்' என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே?"

"ஓம்" என்ற சொல் ஆங்கிலத்தில் வர நேரமெடுத்தது.

"அதை வாசித்த நாளிலிருந்து நான் சூப்பர்மார்க்கெட் பக்கமே போவதில்லை. அன்றைக்கு நீங்கள் குடித்த தேநீரிலும் உங்கள் கடைப் பால்தான்."