ஆறு மணிக் கதவு

“பெத்த குழந்தையை ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, வாசல்ல ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கார் மேடம் அந்த மனுஷன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு. என் கண்ணால பார்க்கிறேன்.”

மாடிவீட்டு அம்மா படியிறங்கிக்கொண்டே சொன்னார். குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்ததும் அவர்தான். பின்னாலேயே ஃபைலும் கையுமாக ஒரு பெண் அதிகாரி.

“அழுகைச் சத்தம் கேட்டதுன்னு சொன்னீங்களே?”

“போன வெள்ளிக்கிழமை. தேம்பித் தேம்பி அழுதது. என் வீட்டு டிவி சத்தத்தையும் மீறிக் கேட்டுதுன்னா பார்த்துக்குங்களேன்.”

அந்த டிவியை மீறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சில நாள் தெருமுனை வரைக்கும் கேட்கும். தனியாக இருக்கிறவர், வெளிநாட்டில் பிள்ளை ராஜா மாதிரி இருக்கிறான் என்று வாய் ஓயாமல் சொல்கிறவர், அவருக்கும் பொழுது போக வேண்டாமா என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கீழ் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடந்தது. உள் அறைக்கு வெளியே பூட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் சாவியைத் தொலைத்தவர்கள் எல்லாம் இவரைத்தான் தேடி வருவார்கள். அறைக் கதவு சாத்தியிருந்தது.

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா?” என்றார் மாடிவீட்டு அம்மா.

“உள்ள யாரு?” என்றார் அதிகாரி.

“என் பொண்ணுங்க. எட்டு வயசு.”

“கதவைத் திறங்க.”

“என்னால முடியாதுங்களே.”

“முடியாதா? நீங்க பூட்டு வேலை செய்றவர்தானே?”

“அதனாலதான் சொல்றேன். நீங்களே பாருங்க.”

அதிகாரி குனிந்து பார்த்தார். கதவின் வெளிப்பக்கத்தில் சாவித் துவாரம் இல்லை. கொண்டி இல்லை. வெறும் பலகை.

“பூட்டு உள்பக்கம் மட்டும்தான். நானே செஞ்சது. அவளா திறந்தாத்தான் உண்டு. அவ அம்மாகூட தட்டிட்டுத்தான் போவா.”

“குழந்தை உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டினார். “கீல் வெளிப்பக்கம் இருக்கு. எட்டு ஸ்க்ரூ, ரெண்டு நிமிஷம். அதுக்குத்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன். இதுவரைக்கும் தேவைப்படல.”

“எதுக்கு இவ்வளவும்?”

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

“பள்ளிக்கூடத்துல டீச்சர் யாரையாவது திட்டினா இவளுக்கு ஜுரம் வரும். பஸ்ல ஒருத்தர் முகம் வாடியிருந்தா இவளுக்குச் சோறு இறங்காது. டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். இப்படித் தொட்டாச்சிணுங்கியா இருந்தா எப்படிப் பொழைப்பேன்னு நானே திட்டியிருக்கேன். ஒரு நாள் கேட்டா, ‘அப்பா, எல்லாரோட கஷ்டமும் எனக்குள்ள வந்து உட்கார்ந்துக்குது. அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?’ எனக்கென்னங்க தெரியும்? தெரிஞ்சது பூட்டு ஒண்ணுதான். சாமான் ரூமைக் காலி பண்ணி, பூட்டு போட்டுக் கொடுத்து, இங்கே கொண்டுவந்து வைடா கண்ணுன்னேன்.”

“உள்ள என்ன செய்றா?”

“கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. மனசுக்குள்ள யார்கிட்டயோ பேசுவா. யார்கிட்டேன்னு நான் கேட்டதில்லை. வெளியே வரும்போது முகம் தெளிஞ்சிருக்கும். வந்த உடனே பசிக்குதும்பா.”

மாடிவீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “விளையாடற வயசுல இதெல்லாம் என்ன? மூளையில ஏதாவது கோளாறா இருக்கப்போகுது.”

“கோளாறா? எனக்குப் பெருமைம்மா அது. இந்த ஊர்ல நான் திறக்காத பூட்டு கிடையாது. என் பொண்ணு கதவை மட்டும் தட்டிட்டு நிக்கிறேன். அப்படி நிக்கிறதே பெருமையா இருக்கு.”

அவர் மறுபடி அரத்தைக் கையில் எடுத்தார். அதே நேரம் ‘டக்’கென்று பூட்டு திறந்தது. ரெட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது.

“குருவி, இவங்க உன் ரூமைப் பார்க்கணுமாம். காட்டுவியா?”

குருவி கொஞ்சம் யோசித்து, வழிவிட்டது.

உள்ளே ஒரு பாய், ஒரு ஜன்னல். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி.

“இதெல்லாம் என்னம்மா?” என்றார் அதிகாரி.

“அப்பா தப்பா வெட்டின சாவி. எந்தப் பூட்டுக்கும் சேராது. யாராவது கஷ்டத்துல இருந்தா அவங்களுக்கு ஒண்ணு மாட்டுவேன். சரியாயிட்டா கழட்டிடுவேன். இது என் பெஞ்சுப் பொண்ணுக்கு, அவ நாய் செத்துப்போச்சு. இது பஸ் டிரைவர் மாமாவுக்கு, இடுப்பு வலி.”

அதிகாரி ஃபைலை மூடினார். ஓரத்தில் ஒரு பித்தளைச் சாவி அவர் கண்ணில் பட்டது. “இது கறுத்தே போயிருக்கே?”

“அதை ஒரு வருஷமா கழட்டவே முடியல.”

“யாருக்கு?”

குருவி அப்பாவைப் பார்த்தது. “வேண்டாம்னு தோணினா சொல்லாதேம்மா” என்றார் அவர்.

“அதெல்லாம் இருக்கட்டும்.” மாடிவீட்டு அம்மா முன்னால் வந்தார். “வெள்ளிக்கிழமை எதுக்கு அப்படி அழுதே? அப்பா அடிச்சாரா? பயப்படாம சொல்லு, மேடம் இருக்காங்க.”

குருவி அந்தப் பித்தளைச் சாவியைக் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தது.

“அன்னிக்கு நீங்க டிவியை ரொம்பச் சத்தமா வெச்சீங்களே, அத்தை. அப்படி வெச்சா உள்ள நீங்க அழுறீங்கன்னு எனக்குத் தெரியும். தனியா அழுவீங்களேன்னு, துணைக்குத்தான் நானும் அழுதேன்.”