டிக் போட மாட்டேன்

"கேக்கை எடுத்துக்க லோசலினி, முதல் துண்டு உனக்குத்தான்!"

மேலாளர் ஐசோவா இப்படி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு அன்னாசி கேக்கை நீட்டினால், ஃபிஜித் தலைநகர் சுவாவின் அந்தச் சின்னக் கப்பல் கம்பெனியில் யாருக்கோ நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். லோசலினி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம வெப்சைட்டுக்கு நீ செஞ்ச டிராப்டவுன் பெட்டி இருக்கே, தங்கம்! தொட்டா விரியுது, வேணுங்கிறதை எல்லாம் டிக் பண்ணிக்கலாம். ஒண்ணே ஒண்ணைச் செஞ்ச, டிக்கெட் பக்கம், லீவு பக்கம்னு எங்க பாத்தாலும் அதையேதான் வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்."

அந்தப் பெட்டியோடு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காதெல்லாம் சூடாகிற அளவுக்குப் பெருமையாக இருந்தது.

"அதுல ஒரு சின்ன வேலை. டிக்கெட் எடுக்கும்போது கேபின், சூடான சாப்பாடு, காப்பீடு, டாக்சின்னு விரியுதில்ல? அத்தனைக்கும் நாமளே முன்னாடியே டிக் போட்டு வெச்சிடலாம். வேணாங்கிறவன் எடுத்துக்கட்டும்."

லோசலினி கேக்கை அவசரமாக விழுங்கினாள்.

"அந்த டிக்கை எவன் எடுப்பான், பாஸ்? சிக்னல் போறதுக்குள்ள டிக்கெட் கிடைச்சாப் போதும்னு பறக்கிறாங்க. பெட்டியை விரிச்சே பாக்க மாட்டாங்க."

"பாக்காதது அவங்க தப்பு."

"எங்க சித்தி போற தீவுல டாக்சியே கிடையாது. இல்லாத டாக்சிக்கு அவங்க பணம் கட்டணுமா?"

பக்கத்து மேஜை ரோனில் களுக்கென்று சிரித்துவிட்டான். ஐசோவா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டான்.

"இதோ பாரு, இந்த மாசம் வசூலைத் தூக்கிக் காட்டறேன்னு லௌடோகாவுல இருக்கிற முதலாளியம்மாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். நீ டிக் போடற. அவ்வளவுதான்."

"மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். டிக் போட வேண்டியது அவங்க விரல், நம்ம விரல் இல்ல. நான் செஞ்ச பெட்டியை வெச்சு எங்க ஜனங்க சட்டைப்பையில கைவிட என்னால ஆகாது."

பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக்கூடக் குனிந்து கடக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண் அவள். வீட்டில் சம்பளம் வாங்குவதும் அவள் ஒருத்திதான். ஆனாலும் ஐசோவாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுந்திரு. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சவன் நான்."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் தேடினார், முனகினார், தலையைச் சொறிந்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுது! ஒரே வரி. டிக்கெட் பக்கத்துல எங்க போடறதுன்னு புரியல, நேரா உன் பெட்டிக்குள்ளயே போட்டு ஏத்திட்டேன்."

"பெட்டிக்குள்ளயா? ஐயோ பாஸ், அது வந்து..."

"எனக்கே பாடம் எடுக்கறியா? இனிமே நீ பேசறதுக்கு இங்க சம்பளம் கிடையாது."

அதே சூட்டில் பணிநீக்கக் கடிதம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் அதே பெட்டிதான், முதலாளியம்மா முதல் கம்பெனியில் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் அதற்குள். யார் யாரையோ தேடிக்கொண்டிருக்காமல் மேலே இருந்த கட்டத்தில் அவள் பெயரை அடித்தார். மற்றப் பெயர்கள் மறைந்து அவள் பெயர் மட்டும் வந்து நின்றது, பக்கத்தில் டிக்கோடு.

"பாத்தியா கூத்தை! நான் தொடவே இல்ல, டிக் விழுந்திருக்கு. மெஷினுக்கே உன்னைப் பிடிக்கல!"

லோசலினி குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாஸ், அனுப்பாதீங்க. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

"இப்பக் கெஞ்சறியா?"

"கெஞ்சல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும்," என்று சொல்லி ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அவள் போன் சிணுங்கியது. 'இன்றுடன் உங்கள் பணி நிறைவடைகிறது' என்று இருந்தது. படித்தாள். கண் கலங்கியதென்னவோ உண்மை, ஆனால் அதைத் துடைக்கவில்லை.

"சரி, போறேன். ஆனா நீங்க பண்ணினது திருட்டு. வாசல்ல நின்னு கேட்டாலும் இதையேதான் சொல்வேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கதவைத் தொட்டபோது ரோனிலின் போன் சிணுங்கியது. அதை எடுத்துப் பார்த்தவன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான். அடுத்து வரவேற்பு மேஜையில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று. கடைசியில் ஐசோவாவின் பூப்போட்ட சட்டைப்பைக்குள்ளும் ஒன்று.

அவர் போனை வெளியே எடுக்கும்போதே மணி அடித்தது. லௌடோகா எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது. முதலாளியம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏம்ப்பா ஐசோவா, என்னை எதுக்கு வேலையை விட்டுத் தூக்கின?"