தம்பி என்றால் யார்

“எப்போதாவது, எந்த நாட்டிலாவது, கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?”

அதிகாரி கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுசி போலத்தான் இருந்தார்.

குடியுரிமை கேட்டு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவனுக்கு முன்னால் போன ஆள் இதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார்.

அவன் சேர்ட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

உண்மையைச் சொல்வதென்றால், இல்லை. அவனை ஒருவரும் ஒருநாளும் பிடித்ததில்லை.

ஊரில் ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனது மயூரதனை. அவனுடைய தம்பியை. ரியூசன் வகுப்புக்கு வெளிக்கிட்டவனை, வீட்டு வாசல் படலையடியில் வைத்து.

அவன் அப்போது அறைக்குள் இருந்தான். அம்மா கத்தியது மட்டும் கேட்டது.

“ஐயோ, தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள்.”

இந்த நாட்டுக்கு வந்து, அகதி விசாரணையில், அம்மா கத்தியதை அப்படியே சொன்னான். தம்பி என்றால் யார் என்று விசாரித்தவர் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் மொழிபெயர்க்க வந்தவர் முந்திக்கொண்டார். ஊர் மனுசன். கேட்டதற்கு மேலேயும் விளக்கம் சொல்கிற ரகம். எங்கள் பக்கத்தில் தாய்மார் பெற்ற மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், பிடித்துக்கொண்டு போனது இவரைத்தான் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்.

முழுப் பொய்யும் இல்லை. அம்மா அவனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அந்தளவு ஆங்கிலம் அவனுக்கு விளங்கியது. திருத்தியிருக்கலாம். உன் சகோதரனுக்கு நடந்தது கிடக்கட்டும், உனக்கு என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டே ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

பிறகு கேட்டதற்கெல்லாம் மயூரதனாகவே இருந்து பதில் சொன்னான்.

பிடிபட்டவன் என்பதால் இருக்க விட்டார்கள். இப்போது, பிடிபட்டவனா நீ என்று அதையே குற்றம்போலக் கேட்கிறார்கள். சிரிக்கத் தெரிந்தவன் சிரிக்கலாம்.

காலையில் வதனி அவனுடைய சேர்ட்டை அயர்ன் பண்ணியபடி சொன்னாள்.

“முந்திச் சொன்னதையே சொல்லுங்கோ. மாத்திக் கதைச்சா பிள்ளையளோட எங்களைத் திருப்பி ஏத்திவிட்டிடுவாங்கள்.”

மனைவி சொன்னதில் பிழையில்லை. பிடிபடவில்லை என்று இப்போது சொன்னால், முன்பு சொன்னது பொய் என்றாகும். பொய் சொல்லி நுழைந்தவனுக்கு எவன் கடவுச்சீட்டுக் கொடுப்பான்? அது கையில் இல்லாமல் அம்மாவிடம் போய்ச் சேர முடியாது.

அம்மா அங்கே தெருவோரக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு, மயூரதனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. எந்த விசாரணை ஆணைக்குழு வந்தாலும் முதல் ஆளாகப் போய்ச் சொல்வார். இராணுவத்தின் பதிலும் மாறுவதில்லை. பிடித்தோம், விசாரித்தோம், விட்டுவிட்டோம்.

அந்தக் கடைசிச் சொல்லோடுதான் அம்மா இத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறார். போன கிழமை தொலைபேசியிலும் அதே கதைதான்.

“விட்டிருந்தா பிள்ளை வீட்டை வந்திருக்கும்தானே. நீ சொல்லு தம்பி.”

அவன் கால் வீக்கத்தை விசாரித்துக் கதையை மாற்றினான். தன் பிள்ளை ஒருவன் மற்றவனுக்கு நடந்ததில் காலூன்றி நிற்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அதிகாரி காத்திருந்தார்.

அன்றைக்கு அந்தப் படலையடியில் பிடிபட்டவன் ஒருவன்தான். ஆம் என்றால், அவனை விட்டாயிற்று என்று, இன்னொரு நாட்டு அரசாங்கத்திடம், கூடப்பிறந்தவனே சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவைப் பார்க்கலாம்.

பார்த்து?

“ஆம்,” என்றான்.

அதிகாரி திரையில் எதையோ தேடிப் படித்துத் தலையசைத்தார். முன்பு சொன்னதும் இப்போது சொன்னதும் பொருந்தியிருக்க வேண்டும்.

“பிறகு உங்களை விட்டுவிட்டார்கள்.”

அது கேள்விகூட இல்லை. சும்மா சரிபார்த்தார்.

 இல்லை, விடவில்லை, இன்னும் விடவில்லை என்று அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா அங்கே அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார்.

“விட்டுவிட்டார்கள்,” என்றான்.

அதிகாரியின் முகம் இளகியது. உங்கள் அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்றார்.

ஓம் என்று தலையாட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் முடியவில்லை. அம்மா படலைக்கு ஓடிவந்தார், கட்டிப்பிடித்து அழுதார், அன்றைக்கே சந்தைக்கு ஆள் அனுப்பிக் கணவாய் வாங்கிக் கறி வைத்தார் என்று, யாரும் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

மயூரதனுக்குக் கணவாய் என்றால் உயிர்.