தேயாத சோப்பு

குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நைட்டியைக் கழற்றக்கூட இல்லை. அதற்குள் அழுகை வந்துவிட்டது.

தினமும் இதே கூத்துதான். குளிக்கிறேன் என்று உள்ளே வருவேன், அழுதுவிட்டுப் போவேன்.

வெளியே கூடத்தில், மாடி வீட்டு டீச்சர் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. ஒரே வாரத்தில் பிறந்ததுகள்.

மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, உங்கள் வீட்டில் குளித்துக்கொள்ளட்டுமா என்று ஒரு நாள் குழந்தையும் கையுமாக இறங்கி வந்து நின்றாள். அப்போது நான் தலை வாரி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாத கோலத்தில் இருந்தேன். மேலும் கீழும் பார்த்தாள். முதலில் நீங்கள் போங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அன்றிலிருந்து முறை வைத்துக் குளிக்கிறோம். முதலில் நான், பிறகு அவள்.

என் அம்மா, அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்று அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட்டாள். வீட்டுக்காரர் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வந்ததும் பிள்ளை பால் குடித்ததா, தூங்கியதா என்று கேட்பார். நல்ல மனுஷர்தான். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

பகலெல்லாம் இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் டீச்சர்.

அவளுக்கு மட்டும் இந்தக் குளியல் லட்சணம் தெரிந்தால் தொலைந்தேன். அவள் சிரித்த முகக்காரி. வகுப்பு நிறைய வானரங்களை மேய்த்தவளுக்கு இரண்டு கைக்குழந்தை எம்மாத்திரம். விடைத்தாள் கட்டுகளைத் தூக்குவது போலத் தோளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு, ஏழாம் வாய்ப்பாட்டைத் தாலாட்டாகப் பாடுவாள். ஏழெட்டு ஐம்பத்தாறுக்குள் இரண்டும் சொக்கிவிடும்.

அப்படிப்பட்டவளிடம் போய், பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று எந்த வாயால் சொல்வது? இவளெல்லாம் ஒரு தாயா என்று நினைத்துவிட்டால்? நாளைக்கு அவள் படியிறங்கி வராமல் இருந்துவிட்டால்?

அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் அழுகை வரும்.

அதனால் தடயமே வைக்க மாட்டேன். அழுது முடித்ததும் அவசரமாக நாலு சொம்பு ஊற்றிக்கொள்வேன். சோப்புப் போட்டுத் தேய்க்கிற தெம்பெல்லாம் கிடையாது. ஆனால் அடுத்து அவள் வருவாளே, காய்ந்த சோப்பைப் பார்த்தால் சந்தேகம் வராதா? சோப்பைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். கேடியெல்லாம் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இன்றும் விம்மல் கொஞ்சம் அடங்கியதும் சோப்பை எடுத்து முக்கினேன்.

பிள்ளை பெற்ற உடம்புக்கு வாசனை சோப்பெல்லாம் ஆகாது என்று வீட்டுக்காரர் எனக்கும் டீச்சருக்கும் பொதுவாக வாங்கி வைத்த வெள்ளை சோப்பு. அவருடைய சோப்பு பக்கத்துப் பெட்டியில் காகிதமாய்த் தேய்ந்து கிடந்தது. அதைப் பிரித்ததே இதற்கு அப்புறம்தான்.

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அதன் மேல் அச்சாகியிருந்த பெயரில் ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை. கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

நான் முக்குவதோடு சரி.

டீச்சர்?

அவள் உள்ளே போனால் லேசில் வர மாட்டாள். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். வெளியே வரும்போது கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சுக்கா, எரியுது" என்பாள்.

தினமும் சொல்வாள். தினமும் சிரிப்பாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு முகம் கழுவத் தெரியவில்லையே என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அடிப்பாவி!

சோப்பு கையிலிருந்து வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

இதைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டி, ஏன் இது தேயவில்லை என்று கேட்டுவிட வேண்டும். நான் நினைத்தது தப்பாக இருந்து, அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடியேறிவிட்டால்? பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் எழுந்து குழாயை மூடினேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

வெளியே வாய்ப்பாடு கேட்கவில்லை. அழுகைதான் கேட்டது.

என் பிள்ளையின் அழுகை எனக்குத் தெரியும். அவள் பிள்ளையுடையதும் இப்போது அத்துப்படி. இது இரண்டும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கதவில் சாய்ந்துகொண்டு, பெரிய மனுஷி ஒருத்தி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி விம்முகிற சத்தம்.

சட்டென்று அதுவும் நின்றது.

நான் மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை போலிருக்கிறது.

"டேப்பை ஏன்க்கா அதுக்குள்ள மூடிட்டீங்க?"

குழாயை மறுபடி முழுசாகத் திறந்துவிட்டேன். கதவின் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டேன்.