வாசலில் விரித்த பாய்

பள்ளிக்கூடக் கதவு இன்றும் திறக்கவில்லை. ஒன்பது வயது அன்சியின் மணிக்கட்டில் மனநிலைப் பட்டை சிவப்பாக எரிந்தது. பயத்திலோ கோபத்திலோ பட்டை சிவந்திருந்தால் அந்தக் கதவு யாரையும் உள்ளே விடாது.

மற்ற நாளென்றால் அம்மா சகாயமேரி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பாள். இன்று கையில் பாயோடு வந்திருந்தாள். அவள் போனில் கூப்பிட்ட ஆறு அம்மாக்களும் தங்கள் சிவப்புப் பட்டைப் பிள்ளைகளோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னார்கள்.

தலைமையாசிரியை ஆவேசமாக வெளியே வந்தார். "என்னம்மா இது, ரோட்டுல கடை விரிச்சிருக்கீங்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளை அமைதியானதும் வாங்க."

"அவளுக்குப் பயமே இந்தக் கதவுதான் டீச்சர். வீட்டுல உக்காந்தா அது எப்படிப் போவும்? நாங்க எந்திரிக்க மாட்டோம்" என்றாள் சகாயமேரி.

"எனக்கும் இதே பட்டைதான், இதே விதிதான்! நான் ஒழுங்கா இல்லையா?" என்று கத்திவிட்டுத் தலைமையாசிரியை விடுவிடென்று திரும்பினார்.

கதவு திறக்கவில்லை. இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். அப்புறம்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். செக்கச்செவேலென்று எரிந்தது பட்டை.

வாய்ப்பாடு நின்றுபோனது. சகாயமேரி பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க டீச்சர். நாங்க யாரையும் வீட்டுக்கு அனுப்புறதில்ல."