நிறுத்தப்பட்டுள்ள இடம்

உலக மக்களின் மேலான கவனத்துக்கு: மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் கம்பெனியின் விண்கலம், விண்ணப்பத்தில் பதினான்காம் கட்டம் காலியாக இருந்த ஒரே காரணத்தால், வீடு திரும்ப முடியாமல் இருந்தது.

மேலே போக அனுமதி தருவது அரசாங்க அலுவலகத்தின் இரண்டாம் மாடி. அது போன வருடமே கிடைத்துவிட்டது. கீழே வர அனுமதி தருவது நான்காம் மாடி.

நான்காம் மாடியில் கண்காணிப்பாளர் அம்மா இருந்தார். குள்ளமான உருவம். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அதனால் மேஜைக்கு அடியில், நாடா போட்டுக் கட்டிய பழைய கோப்புகளை அடுக்கி, அதன்மேல் கால் வைத்திருப்பார்.

நான் கம்பெனிக்காக அனுமதி வாங்கி வருகிற ஆள். பத்தொன்பது வருடமாக ராக்கெட் தொழிலில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். பார்த்ததெல்லாம் வரவேற்பறைகள்தான்.

"என்ன சார் இது? வாகனம் நிறுத்தப்பட்டுள்ள இடம்னு கேட்டிருக்கு. நீங்க ஒண்ணுமே எழுதலையே?"

"அது நிக்கவே இல்லையே மேடம்."

"நிக்காத வண்டிக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது? கீழ பாருங்க, அலுவலர் நேரில் பார்வையிட்ட விவரம். நான் எதைப் பார்வையிட்டேன்?"

அந்தப் படிவம் முதலில் லாரிகளுக்காக அச்சடிக்கப்பட்டது. 'லாரி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'விண்கலம்' என்று எழுதியிருந்தார்கள். வேறெதையும் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெப்பக் கவசம், பாராசூட், கலம் விழப்போகும் கடல் பகுதி, கப்பல்களுக்கு எச்சரிக்கை, எல்லாவற்றையும் ஆறு நிபுணர்கள் அலசி முடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் அந்த ஒரு கட்டம்.

கலத்தின் பேட்டரிக்கு மிச்சம் ஒரு நாள்.

உள்ளே, எடையில்லாத இடத்தில் எட்டு மாதமாக வளர்ந்த மருந்துப் படிகங்கள் இருந்தன. மொத்தம் ஒரு கைப்பிடி. பேட்டரி போனால் பாராசூட் விரியாது. அந்தக் கைப்பிடியை இரவு பகலாகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து காத்து வந்தவன் என் அக்கா மகன்.

தாழ்வாரத்துக்கு வந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நாளைக்குக் காலையில விட்டா அவ்வளவுதான். அந்தம்மா கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வாங்க."

"விழ இடமில்லடா. அங்க கோப்பு இருக்கு. நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லு."

கேட்டேன். அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான். பிறகு ஒரு நேரம் சொன்னான்.

திரும்பி உள்ளே போனேன்.

"மேடம், சாயங்காலம் ஆறு பதினாலுக்கு மொட்டை மாடிக்கு வர முடியுமா? நேர்லயே பார்வையிட்டுடலாம்."

படிவம், பேனா, முத்திரை, மைப்பெட்டி எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அரசாங்கம் எங்கே போனாலும் முழுசாகத்தான் போகும்.

மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், கால் உடைந்த நாற்காலிகள். வெயில் இறங்கியிருந்தது. வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆறு பதினாலு. மேற்கே, தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி.

அது மினுக்கவில்லை. அவசரப்படவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காத நிதானத்தோடு மேலே ஏறி வந்தது. ஏற ஏறப் பிரகாசமானது.

"சத்தமே இல்லையே சார்."

"நொடிக்கு எட்டு கிலோமீட்டர் மேடம்." என் குரலும் ஏனோ தணிந்துவிட்டது.

"எனக்கு வீட்டுக்குப் போகவே ஒண்ணரை மணி நேரம் ஆகுது."

"அதுக்குள்ள இது உலகத்தையே சுத்திட்டு வந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. கழுத்தை முழுசாகப் பின்னால் சாய்த்திருந்தார். மைப்பெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனியவில்லை.

புள்ளி எங்கள் தலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கியது. பொன்னிறமானது. சிவந்தது. மேகம் எதுவும் இல்லாத வானத்தின் நடுவில், ஊதி அணைத்தாற்போல மறைந்தது.

"ஐயோ, எங்க போச்சு?"

"பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சு மேடம்."

"பூமியோடதுன்னா, நம்ம நிழலா?"

"நம்மளதுதான்."

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கட்டடத்துல இருக்கேன் சார்" என்றார்.

தண்ணீர்த் தொட்டிமேல் படிவத்தை வைத்து, அழகான கையெழுத்தில் எழுதினார். நிறுத்தப்பட்டுள்ள இடம்: வானம். நேரில் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.

மைப்பெட்டியைத் தேடி எடுத்து முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை கலம் கடலில் பத்திரமாக இறங்கியது. ஒரு படிகம்கூட உடையவில்லை. அக்கா மகன் போனில் அழுதான்.

எங்கள் கலம் ஒரு தண்ணீர் டிரம் அளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

மாடியில் நாங்கள் பார்த்தது, பதினோரு வருடத்துக்கு முன் நாங்கள் ஏவிய ராக்கெட்டின் காலியான மேல்பாகம். அதைக் கீழே இறக்க அனுமதி கேட்ட கோப்பின்மேல்தான் அந்த அம்மா கால் வைத்திருக்கிறார்.